கொம்பில் மாட்டிய கேக்

ஜனவரி ஐந்தாம் தேதிதான் ஊசி போட வர முடியும் என்று மாட்டு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷத்தில் வேறு நாளே இல்லையா? அன்றைக்குத்தான் பயிரும் மாடும் செழிக்க வேண்டும் என்று எங்கள் கோதுமை வயலில் பதின்மூன்று நெருப்பு மூட்டுவோம். ஊரே வந்து நின்று, எங்கள் தோட்டத்து ஆப்பிளில் போட்ட சைடரைக் குடித்துவிட்டுக் கத்தும். அப்புறம் எல்லோருமாகக் கொட்டிலுக்குள் போய், மாட்டின் கொம்பில் கேக்கை மாட்டி வேடிக்கை பார்ப்போம். இங்கிலாந்தின் இந்த ஹெரிஃபோர்ட்ஷயரில் இதையெல்லாம் விடாமல் செய்கிற பண்ணைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்றுக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்திருக்கிறேன்.

"அடுத்த வாரம் வாங்களேன்" என்றேன்.

"சோதனைக் கெடு தாண்டிடும் ஹெஸ்டர். கெடு தாண்டினா உங்க பண்ணைப் பூட்டை எப்பத் திறப்பாங்கன்னு கடவுளுக்குத்தான் தெரியும்" என்றது மறுமுனை.

பூட்டு என்றால் நிஜப் பூட்டு இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் மந்தையில் காசநோய் கண்டு, ஏழெட்டு மாடுகளை லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அன்றிலிருந்து ஒரு கன்றைக்கூட நினைத்தபடி விற்க முடியவில்லை. தொடர்ந்து இரண்டு சோதனை சுத்தமாக வந்தால்தான் அரசாங்கத்தின் தடை நீங்கும். இலையுதிர் காலத்தில் ஒன்று சுத்தமாக வந்துவிட்டது. இது இரண்டாவது. சோதனை ஊசி போட்ட இடத்தில் ஒரே ஒரு மாட்டின் கழுத்து வீங்கினாலும் அந்த மாடும் போகும், நாங்களும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்னொரு முறை முதலிலிருந்து தொடங்க என் கணவன் ஹெட்லிக்குத் தெம்பு இல்லை. அவன் வாயால் சொல்லவில்லை. மேஜையில் உட்கார்ந்து, வெண்ணெய் தடவிய ரொட்டியைச் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டே இருப்பான். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இந்த வருஷம் நெருப்பு வேண்டாம்னு சொல்லிடலாம்" என்றேன் அவனிடம். "ஊசி போட்ட அன்னிக்கே ஊர் ஜனம் கொட்டில்ல வந்து கூத்தடிக்கணுமா?"

"நெருப்பு நிக்காது."

"ஏன் நிக்காது? நின்னா வானம் இடிஞ்சு விழுந்துடுமா?"

"விழுந்தா யாரு தாங்குறது? நீயா?" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். ஒரு வாரத்துக்கு அவன் என்னோடு பேசுகிற பேச்சு அவ்வளவுதான். மீதியெல்லாம் மாடுகளோடு.

மாடுகளிலும் டாம்சனோடுதான் அதிகம். டாம்சன் என்பது இங்கே வேலியோரம் காய்க்கிற புளிப்புப் பிளம். அவள் குணமும் அதே புளிப்புதான். எங்கள் மந்தை முழுக்க வெள்ளை முகமும் செம்பழுப்பு உடம்புமாக மொட்டை மாடுகள். அவள் ஒருத்திதான் கொம்புக்காரி. பிறந்த அன்றே தாய் செத்துப்போக, ஹெட்லி அவளைச் சமையலறை அடுப்புப் பக்கத்தில் படுக்கவைத்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தான். நான் சூப் கிண்டிக்கொண்டிருப்பேன், அவள் என் பாவாடை நுனியைச் சப்பிக்கொண்டு நிற்பாள். இப்போது கிழவி. கன்று போட்டு வெகுநாள் ஆகிவிட்டது. மற்றவற்றைக் குத்திவிடுவாள் என்று தனித் தடுப்பில் வைத்திருக்கிறோம். "இவளை எதுக்கு இன்னும் கட்டித் தீனி போடறே?" என்று யாராவது கேட்டால், "கேக் மாட்டக் கொம்பு வேணாமா?" என்பான் ஹெட்லி. நெருப்பு நிற்காது என்று அவன் அடம்பிடித்ததற்குக் காரணம் அதுதான். கேக் இல்லையென்றால் டாம்சனுக்கு இந்தப் பண்ணையில் வேலை இல்லை. இது எனக்கும் தெரியும். தெரிந்தும் அவனோடு சண்டை போட்டேன், அது வேறு விஷயம்.

ஐந்தாம் தேதி காலையில் மருத்துவர் ரியான் வந்தாள். எல்லைக்கு அந்தப் பக்கம், பாட்டுக்குப் பேர்போன வேல்ஸில் பிறந்தவள். போன கோடையில்தான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்தாள். ஆள் குள்ளம், ஆனால் மலைபோல் நிற்கிற மாட்டை முழங்கையால் இடித்து ஒதுக்குவாள். ஒவ்வொரு மாடாக இரும்புக் கூண்டுக்குள் விட்டு, கழுத்தில் மேலே ஓரிடம் கீழே ஓரிடம் என்று மயிரை மழித்து, இரண்டிலும் ஊசி போட்டுக்கொண்டே வந்தாள். மேல் ஊசி பறவைகளிடமிருந்து தொற்றுகிற நோய்க்கு. அது வீங்கினால் எங்களுக்குக் கவலையில்லை. கீழ் ஊசிதான் எங்கள் தலையெழுத்து. மூன்று நாள் கழித்து வந்து தடவிப் பார்க்கும்போது அது பெரிதாக வீங்கியிருந்தால் லாரிதான்.

"வேல்ஸ்காரங்க ஊசி போட்டா மாடு பாட ஆரம்பிச்சுடுமாமே, டாக்டர்?" என்றான் கிளெம், கூண்டின் கதவை இழுத்துக்கொண்டே. கிளெம் எங்கள் பண்ணையின் மேஸ்திரி. மாடுகளைக் கவனிப்பதும் வாயாடுவதும் அவன் வேலை, இரண்டையும் குறை வைக்காமல் செய்வான்.

"பாடினா நல்லதுதானே கிளெம். சர்ச்சுல நீங்க பாடறதைக் கேட்டுக் கேட்டு அதுங்களுக்குக் காது புளிச்சுப் போயிருக்கும்."

ஹெட்லிகூடச் சிரித்தான். கடைசியாக டாம்சனின் தடுப்புக்குப் போய் அவளுக்கும் ஊசி போட்டு முடித்தபோது கிளெம், "சாயங்காலம் இருந்துட்டுப் போங்களேன். இவ கொம்புல கேக் மாட்டுவோம்" என்றான்.

"கொம்புலயா? கேக்கா?"

"நடுவுல ஓட்டை வச்ச பிளம் கேக்கு. கொம்புல மாட்டி, மூஞ்சியில கொஞ்சம் சைடரைத் தெளிப்போம். அவ தலையை ஒரு உதறு உதறுவா. கேக்கு முன்னால விழுந்தா மேஸ்திரிக்கு, அதாவது எனக்கு. பின்னால விழுந்தா அம்மாவுக்கு. மூணு வருஷமா எனக்குத்தான் விழுது."

"எப்படி விழுதுன்னு கேளுங்க டாக்டர்" என்றேன் நான். "இவன் பின்னால நின்னு வாலை முறுக்குறான். அவ முன்னால தள்ளாம என்ன பண்ணுவா?"

"அபாண்டம்மா இது!"

ரியான் சிரித்துக்கொண்டே பெட்டியை மூடினாள். அவளுக்கு வேறு பண்ணையில் வேலை இருந்தது. "கேக்கை எங்க வேணா மாட்டுங்க. நான் திரும்பி வர்ற வரைக்கும் கழுத்துல மட்டும் யாரும் கை வச்சு அமுக்கிப் பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு நான் சுட்ட கேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோபத்தில் சமைத்தால் கை நிற்காது. கறுப்பு வெல்லப்பாகு டப்பாவைக் கவிழ்த்தவள், ஹெட்லியின் நினைப்பில் நிமிர்த்த மறந்துவிட்டேன். கேக் கறுகறுவென்று, தொட்டால் விரலோடு வருகிற பிசுபிசுப்பில் வந்தது. மறுபடி சுட நேரமில்லை. மாட்டுக்கொம்புக்குப் போகிறதுதானே என்று விட்டுவிட்டேன்.

இருட்டத் தொடங்கியதும் ஊர் வந்தது. வாசலில் மருந்துத் தண்ணீர் வாளி வைத்து, ஒவ்வொருவரும் பூட்ஸைத் தோய்த்த பிறகுதான் உள்ளே விட்டேன். வயலில் பன்னிரண்டு சின்ன நெருப்பும் நடுவில் ஒரு பெரிய நெருப்பும் எரிந்தன. சுற்றி நின்று குடித்தார்கள், கத்தினார்கள். தூரத்து மேட்டுப் பண்ணையிலிருந்து யாரோ பதிலுக்குக் கத்தினார்கள். ஹெட்லி முகத்தில் நெருப்பு வெளிச்சம் பட்டு, வெகுநாள் கழித்து மனுஷன் மாதிரித் தெரிந்தான். எனக்கும் கோபம் கொஞ்சம் இறங்கியது. சைடரும் இறங்கியது.

பிறகு கொட்டில். டாம்சன் கூட்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள், அவ்வளவுதான். அவளுக்கு இது புதிதில்லை. ஹெட்லி கேக்கைத் தூக்கி அவள் இடது கொம்பில் மாட்டினான். கிளெம் வாலுக்குப் பக்கத்தில் போகாதபடி நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஹெட்லி வாளியின் அடியில் மிச்சமிருந்த சைடரை அள்ளி அவள் முகத்தில் தெளித்தான்.

டாம்சன் முன்னாலும் தள்ளவில்லை, பின்னாலும் தள்ளவில்லை. தலையைப் பக்கவாட்டில் ஒரு வீசு வீசினாள். கேக் கொம்பிலேயே உடைந்தது. ஒரு பாதி முன்னால் வைக்கோலில் விழுந்தது, ஒரு பாதி அவள் முதுகில் பட்டு உருண்டு பின்னால் விழுந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. "இப்படி நடந்து நான் பார்த்ததே இல்ல, சகுனம் சரியில்ல" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "இன்னிக்கேதான் ஊசியும் போட்டிருக்காங்களாம்" என்றது இன்னொன்று. ஹெட்லி காலி வாளியோடு நின்றுகொண்டிருந்தான். நெருப்புப் பக்கத்தில் பார்த்த முகம் போய், ரொட்டியைப் பார்க்கிற முகம் திரும்பி வந்துவிட்டது. அந்த வாயை மூடத் தெரியாதவர்களை அப்படியே மருந்து வாளிக்குள் அமுக்கலாம் போல இருந்தது எனக்கு.

ஏதாவது செய்ய வேண்டுமே என்று இரண்டு பாதியையும் பொறுக்கித் தட்டில் வைத்து ஒட்டிப் பார்த்தேன். சரியாகச் சேரவில்லை. ஓரத்தில் வால்நட் அளவுக்கு ஒரு துண்டைக் காணோம். என் எரிச்சலுக்கு ஓர் ஆள் கிடைத்தான்.

"கிளெம், எடுத்துக் குடு."

"எதை?"

"உன் பங்குன்னு மொத்தமா விழல, சரி. அதுக்காகப் பாக்கெட்டுல போட்டுக்குறதா?"

"நான் எடுக்கலம்மா."

"பின்ன, கேக்குக்குக் கால் முளைச்சு நடந்து போச்சா?"

கிளெம் எல்லோர் முன்னிலும் இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டினான். ஒரு கயிற்றுத் துண்டு, பேனாக்கத்தி, நூல் ஒட்டிய புதினா மிட்டாய் ஒன்று. "அப்ப முழுங்கியிருப்பே" என்றேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

அவன் முகம் சிவந்துபோயிற்று. "இருபது வருஷமா இந்தக் கிழவியைக் காலையும் மாலையும் தேச்சு விடறேன். என்னைத் திருடன்னுட்டீங்க. இனிமே நீங்களே தேச்சுக்குங்க" என்று சொல்லி, தேய்க்கிற பிரஷ்ஷைத் தடுப்பின் கம்பியில் மாட்டிவிட்டு நடையைக் கட்டினான்.

மறுநாள் கிளெம் வந்தான், ஆனால் டாம்சனின் தடுப்புப் பக்கம் திரும்பவில்லை. மற்ற மாடுகளுக்குத் தீனி போட்டான், சாணியைத் தள்ளினான், எனக்குக் காலை வணக்கம்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சொன்னான். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் டாம்சனுக்கு வைக்கோல் எடுத்துப் போனது நான்தான்.

அந்த மூலையில் எப்போதும் வெளிச்சம் குறைவு. வைக்கோலை உதறிப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது கண்ணில் பட்டது. மழித்த இடம் இரண்டில் மேலே ஒன்றுமில்லை. கீழே, ஊசி போட்ட இடத்திலேயே, வால்நட் அளவுக்கு ஒரு கட்டி.

கிட்டப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாம்சன் ஒன்றும் அறியாதவளாக வைக்கோலை மென்றுகொண்டிருந்தாள்.

ஹெட்லியைக் கூப்பிட்டு வந்தேன். அவன் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரே ஒரு தடவை பார்த்தான்.

"தொட்டுப் பாக்கட்டுமா?" என்றேன். "சும்மா தடிப்பா இருந்தாலும் இருக்கும்."

"தொடாதே!" என்று கத்தினான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து அவன் கத்தியது அதுதான் முதல் தடவை. பிறகு குரலைத் தணித்து, "தொடாதே, ஹெஸ்டர்" என்றான்.

அவன் அப்பா ஒரு சோதனையின்போது பொறுமையில்லாமல் காலையும் மாலையும் மாடுகளின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாராம். அந்த வருஷம் பாதி மந்தை போயிற்று. தடவித் தடவித்தான் கட்டி வந்தது என்று இந்த வீட்டில் ஒரு நம்பிக்கை. அறிவுக்கு ஒவ்வாத பேச்சுதான். ஆனால் அன்றைக்கு எனக்கும் கை நீளவில்லை. தொட்டால் உறுதியாகிவிடும். தொடாதவரை ஒரு மயிரிழை பாக்கி இருந்தது.

"என்னாலதான்" என்றான் ஹெட்லி. "நீ வேண்டாம்னு சொன்னே. நான்தான் கேக்கலை."

அந்த வார்த்தைக்காக நான் ஒரு வாரமாகக் காத்திருந்தேன். வந்தபோது வேண்டியிருக்கவில்லை. "ஊசி போட்டதுக்கும் நெருப்புக்கும் என்ன சம்பந்தம்? போய் டீ குடி" என்று மட்டும் சொன்னேன்.

அவன் டீ குடிக்கப் போகவில்லை. பழக்கிடங்கிலிருந்து ஆப்பிள்களை எடுத்துவந்து, ஒவ்வொன்றாக நாலாக நறுக்கி, அவள் வாயில் கொடுத்தான். நல்ல ஆப்பிள்கள், விற்கிற ஆப்பிள்கள். அவள் முகத்தையும் கொம்பையும் தடவினான்; கழுத்துப் பக்கம் கண்ணைக்கூடக் கொண்டுபோகவில்லை. மறுநாளும் அப்படியே. நான் சமையலறையில் எதையெதையோ தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் அவள் படுத்திருந்த இடத்துத் தரைக்கல்லைக்கூடத் தேய்த்தேன். அழுகை வந்தது, அழுதேன். கிளெம்மிடம் போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன். அவன் என்னைப் பார்த்ததும் சுவரைப் பார்த்தான். போடா என்று வந்துவிட்டேன்.

எட்டாம் தேதி ரியான் வந்தபோது நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாடுகளைக் கூண்டுக்கு ஓட்டினோம். அவள் ஒவ்வொரு கழுத்தாகத் தடவினாள். தோலின் தடிப்பை இடுக்கி வைத்து அளந்தாள். "சரி... சரி... இதுவும் சரி..." ஒரு கிடாரிக்கு மேல் ஊசி லேசாக வீங்கியிருந்தது. "கீழ ஒண்ணுமில்ல. போகட்டும்" என்றாள். மந்தை முழுதும் அப்படியே போயிற்று. இத்தனையும் சுத்தமாக இருந்து, கடைசியில் ஒருத்தியால் எல்லாம் போகப்போகிறது.

"என்ன எல்லாரும் இப்படி இருக்கீங்க? நல்லாத்தானே போகுது?" என்றாள் ரியான்.

"இன்னும் ஒருத்தி பாக்கி" என்றான் ஹெட்லி.

டாம்சனின் தலைக்கயிற்றை ஹெட்லி பிடித்துக்கொண்டான். ரியான் தடுப்புக்குள் நுழைந்தாள். நான் வெளியே நின்றேன். கிளெம் கொட்டில் வாசலில் மண்வெட்டியோடு நின்று, கேட்காதவன் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தான். ரியானின் விரல்கள் மேல் இடத்தைத் தடவின. "இங்க சரி." விரல்கள் கீழே இறங்கின. நின்றுவிட்டன.

ஹெட்லி கண்ணை மூடிக்கொண்டான்.

ரியான் குனிந்தாள். "டார்ச் இருக்கா?" என்றாள். நான் கொடுத்தேன். அவள் வாங்கிக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தால் கட்டியின் ஓரத்தைச் சுரண்டினாள். மறுபடி சுரண்டினாள். அப்புறம் விரல்களால் பற்றி வெடுக்கென்று இழுத்தாள். டாம்சன் எரிச்சலோடு தலையை ஆட்டினாள். கட்டி, கொஞ்சம் மயிரும் வைக்கோல் தூசியுமாக, ரியானின் கையோடு வந்துவிட்டது.

ரியான் அதை மூக்கருகில் கொண்டுபோனாள். பிட்டுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஹெஸ்டர், இதுல திராட்சை இருக்கு."

நான் விழித்தேன்.

"திராட்சை. உலர்ந்த திராட்சை. இது கேக்கு! கல்லு மாதிரி காஞ்சு போயிருக்கு. எவ்வளவு பாகு ஊத்தினீங்க? தோலோட தச்சு வச்ச மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கு!"

"தோல்?" என்றான் ஹெட்லி. அவன் கண்ணைத் திறக்கவில்லை. "கீழ தோல் எப்படி இருக்கு?"

ரியான் உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். ஈரத்துணியால் அந்த இடத்தைத் துடைத்தாள். விரலால் அழுத்தினாள், இடுக்கியை வைத்தாள், எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. வீக்கமே இல்ல" என்றாள். "சுத்தம், ஹெட்லி. இவ சுத்தம். உங்க மந்தை முழுக்கச் சுத்தம். வசந்தத்துல எந்தச் சந்தைக்கு வேணா ஓட்டிட்டுப் போங்க."

ஹெட்லி கயிற்றை விட்டான். என்னைப் பார்த்தான், ரியானைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கையை நீட்டி, மூன்று நாளாகக் கண்ணைக்கூடக் கொண்டுபோகாத அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தான். தடவினான். தடவிக்கொண்டே இருந்தான். அப்புறம் நெற்றியை அவள் கழுத்தில் சாய்த்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதான். சிரித்தானோ என்னவோ, இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. நான் தடுப்புக் கம்பியைத் தாண்டி எப்படி உள்ளே போனேன் என்று எனக்கே தெரியாது. எனக்கு வயசு ஐம்பத்தெட்டு, முட்டி வலி வேறு. போய் அவன் முதுகைக் கட்டிக்கொண்டேன். என் உடம்பிலிருந்து யாரோ ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது.

வாசலில் மண்வெட்டி கீழே விழுகிற சத்தம் கேட்டது. கிளெம் உள்ளே வந்து நின்றான். இடுப்பில் கை வைத்துக்கொண்டான்.

"டாக்டர், அந்தத் துண்டு என்ன சைஸ் இருக்கும்?"

"ஒரு வால்நட் அளவு."

"வால்நட் அளவு" என்றான் கிளெம், ஒவ்வொரு எழுத்தாக. "அம்மா, அன்னிக்கு ஊர் முன்னால எதுவோ காணோம்னீங்களே, அது என்ன சைஸ்?"

"சரிடா, சரி" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நீ எடுக்கல."

"எடுக்கலன்னு சொன்னா போதுமா? முழுங்கிட்டேன்னீங்க! தான் சுட்ட கேக்கு தனக்கே அடையாளம் தெரியல, என்னைத் திருடன்னாங்க. நான் மட்டும் மறுநாள் பிரஷ்ஷைக் கையில எடுத்திருந்தா, காலையிலயே உதிர்ந்து விழுந்திருக்கும். மூணு நாள் நீங்க ரெண்டு பேரும் இழவு வீடு மாதிரி உக்காந்திருக்க வேண்டியதே இல்ல!"

அவன் சொன்னது அத்தனையும் நிஜம். ரியான் சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உனக்குத் தனியா ஒரு கேக் சுடறேன் கிளெம்" என்றேன். "முழுசா. ஊர் முன்னால கையில குடுக்கறேன்."

"பாகு கொஞ்சம் கம்மியா ஊத்துங்க. என் வாயும் ஒட்டிக்கிச்சுன்னா இந்தப் பண்ணையில யாரு பேசறது?"

"இப்ப இந்தத் துண்டு யாருக்குன்னு சொல்லுங்க" என்று ரியான் உள்ளங்கையை விரித்தாள். "முன்னால விழுந்தா மேஸ்திரிக்கு, பின்னால விழுந்தா அம்மாவுக்கு. ரெண்டு பக்கமும் விழாம கழுத்துலயே தங்கினா?"

கிளெம் யோசித்தான். நானும் யோசித்தேன். அதற்குள் ஒரு நீளமான நாக்கு வந்து ரியானின் கையை ஒரே இழுப்பில் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போயிற்று. டாம்சன், திராட்சையும் மயிரும் வைக்கோல் தூசியுமாக, தன் பங்கை மெல்லத் தொடங்கினாள்.

ஹெட்லி அவள் கழுத்திலிருந்து முகத்தை எடுத்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஹெஸ்டர்" என்றான், "எனக்குப் பசிக்குது."

இரண்டு வருஷமாக அவன் வாயிலிருந்து வராத வார்த்தை அது. நான் மறுபடி அந்தக் கம்பியைத் தாண்டி, அடுப்பை மூட்டச் சமையலறைக்கு ஓடினேன்.